எல்எஸ்1-ஆ, 5.3 இரும்பா, 6.0-ஆ? ஒற்றை டர்போவுக்கு எந்த பிளாக்

கேள்வி: மார்ச் 2, 2024

1991 நிசான் 240எஸ்எக்ஸ். உள்ளே இருந்த கேஏ24 எஞ்சின் போயாச்சு. ஜிஎம் எல்எஸ் வி8 இறக்கி ஒற்றை டர்போ போடணும். இலக்கு சக்கரத்தில் 600 குதிரை. தெருவில் ஓட்டுவேன், மாசத்துக்கு ஒரு தடவை டிராக் ஸ்ட்ரிப் (நேர்கோட்டுப் பந்தயப் பாதை). கைக்கு எட்டுற தூரத்தில் மூணு இருக்கு: கமாரோவில் இருந்து கழட்டின எல்எஸ்1 அலுமினியம், சில்வராடோ பிக்கப்போட 5.3 லிட்டர் எல்எம்7 இரும்பு, கனரக டிரக்கோட 6.0 லிட்டர் எல்க்யூ4 இரும்பு. "அலுமினிய பிளாக்கில் (சிலிண்டர் இருக்கிற எஞ்சின் உடல்) பூஸ்ட் (டர்போ தள்ளுற காற்றழுத்தம்) ஏத்தினா பிளந்துடும், இரும்புதான் கட்டாயம்"னு கேட்கிற இடமெல்லாம் சொல்றாங்க. சரியா? விலையில் 5.3 தான் அடிமட்டம்.

மார்ச் 2, இரவு

5.3 எடுங்க. ஆனா நீங்க கேள்விப்பட்ட காரணத்துக்காக இல்ல.

மார்ச் 3

இந்தக் குடும்பத்தில் பூஸ்ட் ஏறும்போது எது முதல்ல உடையுதுன்னு வரிசை இருக்கு. முதல்ல பிஸ்டன் ரிங்கோட ரெண்டு முனையும் முட்டும். அடுத்து ரிங் உட்கார்ற பள்ளத்துக்கு மேலே இருக்கிற வளையம் (ரிங் லேண்ட்) பெயர்ந்து வரும். அதுக்கப்புறம் கனெக்டிங் ராட் (பிஸ்டனையும் சுழல் தண்டான கிராங்கையும் இணைக்கிறது). பிளாக் கடைசி. 600 குதிரையில் பிளாக் வரைக்கும் பேச்சே போகாது. அதுக்கு முன்னாடியே பிஸ்டன் உங்களை வீட்டுக்கு அனுப்பிடும்.

மூணு பிளாக்கும் அடிப்படையில் ஒரே வடிவம். சிலிண்டர் மையத்துக்கு மையம் 111.76 மி.மீ. டெக் உயரம் (கிராங்க் மையத்திலிருந்து பிளாக்கோட மேல்தளம் வரை) 234.7 மி.மீ. பிளாக்கோட பக்கச்சுவர் கிராங்க் மையத்துக்குக் கீழே வரைக்கும் இறங்கியிருக்கும். கிராங்கைப் பிடிச்சு வைக்கிற ஒவ்வொரு மெயின் கேப்புக்கும் கீழிருந்து நாலு போல்ட், பக்கத்திலிருந்து ரெண்டு, ஆக ஆறு. ஃபோர்டு 302-ஓட ஒப்பிட்டுப் பாருங்க. அதுல பக்கச்சுவர் கிராங்க் மட்டத்தோட நின்னுடும், கேப்புக்கு ரெண்டே போல்ட். 500 குதிரையைத் தாண்டினா லிஃப்டர் பள்ளத்தாக்கு (ரெண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவில் இருக்கிற பள்ளம்) வழியா நீளவாக்கில் ரெண்டாப் பிளக்கிற பழக்கம் அந்த பிளாக்குக்குத்தான். உங்க காதுக்கு வந்த "பிளந்துடும்" அங்கிருந்து கிளம்பின பேச்சுன்னு நினைக்கிறேன். இத்தனைக்கும் 302 இரும்பு பிளாக்.

மார்ச் 3, மாலை

எண்கள் கேட்டீங்க.

எல்எம்7: போர் (சிலிண்டர் விட்டம்) 96 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 92. எல்எஸ்1: 99, அதே 92. எல்க்யூ4: 101.6, அதே 92. மூணுக்கும் ஸ்ட்ரோக் ஒண்ணுதான், மாறுறது போர் மட்டும். இப்போ 111.76-இல் இருந்து போரைக் கழிச்சுப் பாருங்க. ரெண்டு சிலிண்டருக்கு நடுவில் ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் மேலே மூடுற ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற தகடு) உட்கார 5.3-இல் 15.7 மி.மீ. இருக்கு. எல்எஸ்1-இல் 12.7. 6.0-இல் 10.1 தான். பூஸ்டைப் பிடிச்சு வைக்கிறது அந்த நடுப்பகுதி. சின்ன போர் எஞ்சினுக்கு இது சும்மா கிடைச்ச சீதனம்.

6.0-க்கும் நியாயம் சொல்லணும். கன அளவு கூட, அதனால டர்போ சீக்கிரம் விழிக்கும். எல்க்யூ4 பிஸ்டன் குழிவானது, கம்ப்ரஷன் 9.4 பக்கம், பெட்ரோல் பம்ப் எரிபொருளுக்குத் தோது. 1999-2000 எல்க்யூ4-ஆ இருந்தா மட்டும் ஒரு சங்கடம்: கிராங்கோட பின் ஃபிளேஞ்ச் மத்ததைவிட சுமார் 10 மி.மீ. நீளம். ஃபிளைவீல், கிளட்ச் எல்லாம் அதுக்கேத்த மாதிரி தேடணும்.

மார்ச் 5

யார்டுல (பழைய வண்டி உடைச்சு விற்கிற இடம்) எஞ்சினை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறதுன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். விற்கிறவர் வாயை நம்பாதீங்க, வண்டியோட விஐஎன் (அடையாள) எண்ணில் எட்டாவது எழுத்தைப் பாருங்க. டி (T) இருந்தா எல்எம்7. வி (V) இருந்தா 4.8. யு (U) இருந்தா எல்க்யூ4. என் (N) இருந்தா எல்க்யூ9, 6.0-ஓட தட்டை பிஸ்டன் வகை, கேடிலாக் எஸ்கலேடில் வந்தது. பி (B) இருந்தா கையைத் தூக்கிக் கும்பிடுங்க: எல்33, 5.3-ஓட அலுமினிய பிளாக், 2005-07 பிக்கப்பில் மட்டும். தட்டை பிஸ்டன், 799 ஹெட்.

எஞ்சின் தனியாக் கிடந்தா நாக் (எரிபொருள் தப்பான நேரத்தில் வெடிக்கிற தட்டல்) சென்சர் எங்கேன்னு பாருங்க. இன்டேக்குக்கு அடியில் பள்ளத்தாக்கில் இருந்தா ஜென்-3 (மூணாம் தலைமுறை), பிளாக்கோட பக்கவாட்டில் இருந்தா ஜென்-4. கேம் சென்சரும் காட்டிக் கொடுக்கும்: ஜென்-3-இல் பின்னாடி, ஜென்-4-இல் முன் டைமிங் கவரில். கிராங்க் சென்சர் கறுப்புன்னா 24 பல் சக்கரம், சாம்பல்னா 58. வயரிங், இசியு ரெண்டும் இதை வெச்சுத்தான் முடிவாகும். "ஜென்-4 எல்லாம் 58"னு அடிச்சுச் சொல்லிடாதீங்க, தொடக்க கால எல்எஸ்2-இல் 24 தான்.

ஹெட்டையும் ஒரு பார்வை. 706 எண் வார்ப்பில் "காஸ்டெக்" முத்திரை இருந்தா உள்ளே மயிரிழை விரிசல் விட்டு கூலன்ட் ஆயிலுக்குள்ளே கசியுற வம்பு உண்டு. ராக்கர் கவரைக் கழட்டினாலே முத்திரை தெரியும். அது இருந்தா பிளாக்கை எடுத்துக்குங்க, ஹெட்டை அங்கேயே விட்டுட்டு வாங்க.

மார்ச் 6

4.8-ஐ யாரும் கேட்கலையே! பாவம், வீட்டில் பேர் சொல்லாத பிள்ளை அது. 5.3-ஓட அதே பிளாக், அதே 96 போர். ஸ்ட்ரோக் மட்டும் 83, ராட் கொஞ்சம் நீளம், பிஸ்டன் தட்டை. மேல் சுழற்சியில் நல்லா பாடும். கீழே டார்க் கம்மி, அதனால பெரிய டர்போ போட்டா கிளம்புறதுக்குள்ளே சிக்னல் மறுபடி சிவப்பாயிடும். யார்டுல 5.3 இல்லைன்னா கூச்சப்படாம வாங்கலாம்.

மார்ச் 8: ரிங் இடைவெளி

இதுக்குத்தான் நேரம் செலவழிக்கணும். பிளாக் எதுவா இருந்தாலும் இதைத் தப்பாச் செஞ்சா முதல் வாரமே நீலப் புகை.

தொழிற்சாலை மேல் ரிங்கோட இடைவெளி டர்போ இல்லாத வாழ்க்கைக்கு அளந்து வெச்சது. பூஸ்டில் மேல் ரிங் அதிகமாச் சூடேறி நீளும். ரெண்டு முனையும் முட்டினதும் நீள்றதுக்கு வழியில்லை, சிலிண்டர் சுவரைக் கவ்விப் பிடிக்கும். பிஸ்டன் மேல போயாகணும், ரிங் விட மாட்டேங்குது. நடுவில் இருக்கிற ரிங் லேண்ட் பிட்டுப் போகும். இந்த பிஸ்டன்கள் சிலிக்கான் அதிகமான வார்ப்பு அலுமினியம், வளையாது, பிஸ்கட் மாதிரி உடையும்.

கணக்கு: போர் × 0.006. 96 × 0.006 = 0.58 மி.மீ. மேல் ரிங்குக்கு அவ்வளவு. பூஸ்டை இன்னும் தள்ளுற எண்ணம் இருந்தா 0.007, அதாவது 0.67. ரெண்டாவது ரிங்குக்கு மேல் ரிங்கைவிட 0.05 கூட விடுங்க. ரெண்டு ரிங்குக்கு நடுவில் மாட்டின வாயு வெளியேற வழி இருந்தாத்தான் மேல் ரிங் நடுங்காம உட்காரும்.

செய்முறை: ரிங்கை சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாப் போட்டு 25 மி.மீ. கீழே தள்ளுங்க, ரிங் நேரா நிற்கும். ஃபீலர் கேஜ் (அளவு போட்ட மெல்லிய தகடு) லேசான பிடிப்போட நுழையணும். ராவுறது ஒரு முனையில் மட்டும், வெளிமுகத்தில் இருந்து உள்முகம் நோக்கி. எதிர்த் திசையில் ராவினா வெளிமுகப் பூச்சு செதிலாப் பெயரும். ராவின விளிம்பில் பிசிர் நிக்கும், பொடி அரம் வெச்சு ஒரே ஒரு தடவு. 0.02 மிச்சம் இருக்கும்போதே ராவுறதை நிறுத்தி அளந்து பாருங்க. கூட்ட முடியும், குறைக்க முடியாது. எந்த ரிங் எந்த சிலிண்டருதுன்னு எழுதி வெச்சுட்டே போங்க.

மார்ச் 9

நேத்து எழுதினதில் ஒரு ஓட்டை. 25 மி.மீ. கீழேன்னு சொன்னேன். அது புதுசா போர் பண்ணி (குடைஞ்சு அகலமாக்கி) ஹோன் போட்ட (கல்லால் இழைச்ச) சிலிண்டருக்கு. உங்களுது மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடின டிரக் எஞ்சினா இருக்கலாம். மேல்பகுதி தேஞ்சு அகலமா இருக்கும், ரிங் இறங்கி நிக்கிற அடிப்பகுதி புதுசு மாதிரி இருக்கும். விட்டம் 0.05 மி.மீ. கூடினா சுற்றளவு 0.05 × 3.14, கிட்டத்தட்ட 0.16 கூடும். அதாவது மேலே 0.58-னு அளந்தா கீழே 0.42 தான். ரிங்கோட சூடு ஒரு ஸ்ட்ரோக்குக்குள்ளே ஆறாது, கீழே போகும்போதும் அதே சூட்டோடதான் போகும். முட்டுறது கீழே.

அதனால பழைய போரில் ரிங் பயணிக்கிற தூரத்தோட அடிமட்டத்தில், மேலிருந்து சுமார் 90-95 மி.மீ. ஆழத்தில் அளங்க. நேத்து எழுதினதைப் பார்த்து யாராவது ராவ ஆரம்பிச்சிருந்தா திரும்ப அளந்துடுங்க.

மார்ச் 9, இரவு

"டொயோட்டா 2ஜேஇஸட் போட்டா இந்தத் தலைவலியே இல்லையே"ன்னு ஒருத்தர். நல்ல பிளாக், மறுப்பில்லை. இரும்பு, ஆறு சிலிண்டர், ஏழு மெயின். அமெரிக்காவில் டர்போவோட வந்த ஜிடிஇ சுப்ராவில் மட்டும், 1993-98. அந்த விலைக்கு யார்டுல 5.3-ஐ வரிசையா அடுக்கலாம். டர்போ இல்லாத ஜிஇ எடுக்கிறதா இருந்தா லெக்சஸ் ஐஎஸ்300-இல் வந்த விவிடி-ஐ வகையோட ராட் ஒல்லி, அதை மறந்துடாதீங்க. இதோட 2ஜேஇஸட் பேச்சுக்கு முற்றுப்புள்ளி, இல்லைன்னா இழை கைவிட்டுப் போயிடும்.

மார்ச் 12

5.3-ஐ 99-க்கு போர் பண்ணி எல்எஸ்1 பிஸ்டன் போட்டா இரும்பு 5.7 ஆயிடுமேன்னு கேள்வி. ஆகும், நிறையப் பேர் செய்யுறாங்க. டர்போவுக்கு நான் செய்ய மாட்டேன். விட்டத்தில் 3 மி.மீ., அதாவது சுவருக்கு 1.5 போயிடுது. வார்க்கும்போது மணல் கரு கொஞ்சம் நகர்ந்திருந்தா ஒரு பக்கம் தடிமன், எதிர்ப்பக்கம் மெல்லிசு. அல்ட்ராசோனிக் அளவி வெச்சு எட்டு சிலிண்டரையும் நாலு பக்கமும் அளக்காம இதில் இறங்கக் கூடாது. அப்படி இறங்கி ஜெயிச்சது என்ன? கேஸ்கெட் உட்கார்ற 15.7-ஐ 12.7-ஆக் குறைச்சது. சின்ன போர்னுதானே இதை எடுத்தோம்!

போர் பண்ணியே ஆகணும்னா 0.25 அல்லது 0.5 மி.மீ. ஓவர்சைஸ், அத்தோட நிறுத்திக்குங்க. ஹோன் போடும்போது டார்க் பிளேட் கட்டாயம் கேளுங்க. ஹெட் போல்ட் இறுகும்போது சிலிண்டர் கொஞ்சம் கோணும். தடித்த தட்டைப் போட்டு இறுக்கி அதே கோணலை முன்கூட்டியே வரவெச்சு ஹோன் போட்டாத்தான் ஹெட் ஏறின பிறகு வட்டம் வட்டமா இருக்கும்.

மார்ச் 13

எல்எஸ்1-ஐ ரொம்பவே ஓரமாத் தள்ளிட்டேன்னு ஒருத்தர் கோபிச்சுக்கிட்டார். நியாயம்தான்.

அலுமினிய பிளாக்கில் சிலிண்டர் அலுமினியம் இல்ல, வார்ப்பிலேயே இரும்பு ஸ்லீவ் இருக்கு. 600-ஐத் தாங்கும். எடை வித்தியாசம் சுமார் 40-45 கிலோ, அத்தனையும் முன் சக்கரத்துக்கு மேல. 240எஸ்எக்ஸ் மாதிரி சின்ன வண்டியில் திருப்பத்தில் தெரியும். வளைவுப் பாதையில் ஓட்டுறவரா இருந்தா பதில் மாறியிருக்கும். நீங்க டிராக் ஸ்ட்ரிப்புனு சொன்னதால இரும்பு.

எல்எஸ்1-ஓட நிஜமான குறை வேற. ஸ்லீவ் மெல்லிசு, 0.25 மி.மீ.க்கு மேல போர் பண்ண இடமில்லை. ஒரு சிலிண்டரில் கோடு விழுந்தா ஸ்லீவ் மாத்துற செலவு. போல்ட் மரை அலுமினியத்தில் இருக்கு, பத்துத் தடவை கழட்டி மாட்டினா மரை கையோட வரும். டர்போ எஞ்சினைக் கழட்டி மாட்டாம இருந்தவர் யாரு?

மார்ச் 16

போல்ட் விஷயம், சுருக்கமா.

ஹெட் போல்ட் குழி அடிமூடினது. உள்ளே கூலன்ட்டோ ஆயிலோ தேங்கியிருக்கும்போது போல்ட்டை இறுக்கினா திரவம் அமுங்காது, பிளாக்தான் விரியும். அலுமினியத்தில் விரிசலே விடும். ஒவ்வொரு குழியையும் காற்றடிச்சு, துணி சுத்தின கம்பி விட்டு, மறுபடி காற்றடிங்க. கண்ணாடி போட்டுட்டு.

2004-க்கு முந்தின பிளாக்கில் எம்11 போல்ட் ரெண்டு நீளம், பிறகு எல்லாம் ஒரே நீளம். புது போல்ட்தான் போடணும், பழசு ஏற்கெனவே இழுபட்டது. ஒரே நீள வகைக்கு முதல் சுற்று 30 நியூட்டன் மீட்டர், அடுத்து 90 டிகிரி, அடுத்து 70 டிகிரி. மேலே இருக்கிற எம்8 சின்ன போல்ட் 30 நியூட்டன் மீட்டரோட சரி. பழைய ரெண்டு நீள வகைக்குக் கடைசிச் சுற்று நீளத்துக்கு 90, குட்டைக்கு 50.

மெயின் கேப்புக்கு ஸ்டட் (ரெண்டு முனையிலும் மரை உள்ள கம்பி) வாங்கணும்னு ஆசை வரும். 600-க்கு வேண்டாம். ஸ்டட் இறுக்குற விசை வேற மாதிரி, கேப்போட வட்டம் மாறும். லைன் ஹோன் (கேப் துளைகளை ஒரே நேர்கோட்டில் திரும்ப இழைக்கிறது) போடாம ஸ்டட் மாத்துறது, செருப்பை மாத்திட்டுக் காலை அளக்காத கதை. பழைய போல்ட் நல்லாத்தான் இருக்கும். பக்க போல்ட் மட்டும் சீலன்ட் வெச்சு மாட்டுங்க, இல்லைன்னா ஆயில் வேர்க்கும்.

ராட் கேப்: இது உடைச்சுப் பிரிச்ச வகை. சேர்ற முகம் சொரசொரன்னு இருக்கும், அந்தச் சொரசொரப்புதான் கேப்பை இடத்தில் நிறுத்துது. தேய்க்கக் கூடாது, கீழே போடக் கூடாது, ஒண்ணோட கேப்பை இன்னொண்ணுக்குப் போடக் கூடாது. கழட்டும்போதே எண் எழுதுங்க. ஜென்-4 ராட் இன்னும் கனம், பிஸ்டனைக் கோக்கிற பின் ராட்டுக்குள்ளே தனியாச் சுத்துற வகை. பிளாக் ஜென்-3-ஆ ஜென்-4-ஆங்கிறதைவிட உள்ளே எந்த ராட் இருக்குங்கிறது 600-இல் பெரிய விஷயம்.

மார்ச் 17

மேலே சொன்னதுக்கு ஒரு தொடர்ச்சி. அப்படின்னா ஜென்-4 5.3 கிடைச்சா? வாங்குங்க, ஆனா பலதில் பாதி சிலிண்டரை நிறுத்தி வைக்கிற ஏஎஃப்எம் லிஃப்டர் இருக்கும். அந்த லிஃப்டர், கேம், பள்ளத்தாக்கு மூடி எல்லாம் மாத்தணும். அந்தச் செலவைக் கூட்டிப் பார்த்துட்டு முடிவெடுங்க.

மார்ச் 20

ஆயில். பிளாக் வாங்கிக் கழுவி வெச்சவங்க தவறவிடுறது ரெண்டு. ஒண்ணு, பம்புக்கும் உறிஞ்சு குழாய்க்கும் நடுவில் இருக்கிற ஓ-ரிங். குழாய் ஒரே ஒரு போல்ட்டில் நிக்குது, சாய்வா உட்கார்ந்தா ஓ-ரிங் நசுங்கிக் காற்று இழுக்கும். எஞ்சின் ஓடும், அழுத்தம் ஏறாது, பேரிங் போகும். ரெண்டு, பிளாக்கோட பின்பக்க ஆயில் வழியில் இருக்கிற டம்பெல் வடிவ அடைப்பான். வெந்நீர்த் தொட்டியில் போடும்போது கழட்டுவாங்க, திரும்ப வைக்க மறப்பாங்க. அது இல்லைன்னா ஆயில் ஃபில்டரைச் சுத்தாமலேயே மேலே போயிடும்.

டர்போவில் இருந்து ஆயில் திரும்புற குழாய் அழுத்தத்தில் வர்றதில்ல, தானா வடியுது. உள் அகலம் 12 மி.மீ.க்குக் குறையாம, ஏற்ற இறக்கம் இல்லாம, பேனில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேரணும். கீழே சேர்த்தா டர்போ சீல் வழியாப் புகை. "டர்போ போச்சு"ன்னு மாத்துறவங்க இருக்காங்க, குழாயை மாத்தியிருந்தாப் போதும்.

மார்ச் 22

பூஸ்ட் எவ்வளவு வேணும்னு கேட்டீங்க. காகிதக் கணக்கு: சக்கரத்தில் 600-னா கிராங்கில் சுமார் 700. கேம் மாத்தின 5.3 டர்போ இல்லாம 350 தருதுன்னு வெச்சுக்குங்க. ஒரு பார் பூஸ்ட் காற்றை ரெட்டிப்பாக்கும், 700. இன்டர்கூலர் சூட்டைக் குறைக்காட்டி இந்தக் கணக்கு காகிதத்தோட நிக்கும். நாக் வந்தா எந்த பிளாக்கும் காப்பாத்தாது.

மார்ச் 30

கேள்வி கேட்டவர் 5.3 எடுத்துட்டார், எட்டாவது எழுத்து டி. திறந்து போர் கேஜ் விட்டு அளவு அனுப்பியிருக்கார். ஏழு சிலிண்டரில் அடியில் 96.01, மேலே 96.03-இல் இருந்து 96.04 வரை. ஏழாம் எண் சிலிண்டரில் மட்டும் மேலே 96.07, கூடவே செங்குத்தாக் கோடு, நகம் மாட்டுது.

மத்த ஏழு சிலிண்டரைப் பொறுத்தவரை சர்வீஸ் புத்தகம் போர் பண்ணச் சொல்லும். பெரிய ரிங் இடைவெளி விடப்போற தெரு எஞ்சின், 0.03 தேய்மானத்தோட ஹோன் போட்டு ஓட்டலாம்னு நான் சொல்வேன். அடியில் 0.58 விட்டா மேலே 0.67-க்குப் பக்கம் வரும், கொஞ்சம் புளோ-பை (ரிங்கைத் தாண்டிக் கீழே கசியுற வாயு) கூடும், கிராங்க்கேஸ் காற்றோட்டத்தைப் பெரிசா வைங்க. ஏழாம் எண் சிலிண்டர் அப்படி இல்ல. 0.06 தேய்மானம், அடிக்கும் மேலுக்கும் ரிங் இடைவெளியில் 0.19 வித்தியாசம், நகம் மாட்டுற கோடு ஹோனில் போகாது. அதுக்காக எட்டையும் ஓவர்சைஸ் போர் பண்ணி எட்டு புது பிஸ்டன் வாங்கினா, இன்னொரு 5.3-ஓட விலையைத் தாண்டிடும்.

மார்ச் 30, மாலை

"அப்போ இன்னொண்ணு வாங்கவா?"ன்னு கேட்கிறார். ஆமா. இந்தத் தடவை போர் கேஜைக் கையோட யார்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ஹெட்டைக் கழட்ட விடலைன்னா ஸ்பார்க் பிளக் துளை வழியா போரோஸ்கோப் (குட்டி கேமரா) விட்டு, எட்டும் பார்த்துட்டு, ஏழாம் எண்ணை ரெண்டு தடவை. முதல் எஞ்சினோட கிராங்க், ராட், ஹெட் எதையும் விற்றுடாதீங்க.